வாப்பாவின் நாலு விரல், என் ஐந்து விரல்

என் வயதுக்காரர்களே, குளத்து மாத்தயா எங்கள் வலையை அறுத்த கதையை என் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்? கலியாண வீட்டில் சொன்னேன். மௌத்து வீட்டில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பாவப்பட்டவரை விடாமல் பாலாவியிலிருந்து சிலாபம் வரைக்கும் சொன்னேன். நீங்களும் எனக்காக அந்த மனுசனை நன்றாக ஏசினீர்கள். அந்தக் கதையில் ஒரு துண்டை விட்டுவிட்டுத்தான் நான் எப்போதும் சொன்னேன். இப்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன். பேத்தி எழுத்துப் பிழையை மட்டும் பார்ப்பாள். சொல்லில் கை வைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக: நான் மாம்புரிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு மதுரங்குளியில் எனக்குச் சொந்தமாகக் கருவாட்டுக் கடை, புத்தளத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற கொட்டில், ஓடுகிற லொறி மூன்று. இதில் ஒன்றும் என்னைக் கட்டிய மாப்பிள்ளை கொண்டுவந்தது இல்லை. அவர் தங்கமான மனுசன். கொண்டுவந்தது ஒரு சைக்கிள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வருசம் எனக்கு ஒன்பது வயது. கூப்பனுக்கு அரிசி கொடுத்த காலம். சோழகக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடலில் வள்ளம் இறக்க ஏலாது. மணல் கிளம்பி வந்து சோற்றுக் கோப்பையில் விழும். பல்லில் நறநறவென்று கடித்துக்கொண்டுதான் தின்போம். வசதியுள்ளவர்கள் வள்ளத்தையும் வலையையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவார்கள். எங்களிடம் இருந்தது ஒரு சின்ன வள்ளம். வாப்பாவும், உம்மாவின் தம்பியான என் மாமாவும் அதில் போவார்கள். கிழக்குக்குப் போக அவர்களிடம் ஒன்றும் இல்லை. சோழகம் முழுக்கக் களப்பு என்கிற உப்பங்கழியில் இறால் தடவி, அதுவும் கிடைக்காத நாளில் மரவள்ளி அவித்துத் தின்று கிடப்போம்.

அப்போதுதான் கடைக்கார முதலாளி வந்தார். சிங்கள ஆள். உள்நாட்டில் ஒரு பெரிய குளத்தின் கட்டோரம் அவருக்குப் பெட்டிக்கடை. மாதத்தில் ஒருமுறை எங்கள் கரைக்குக் கருவாடு வாங்க வருவார். நம்மைப் போலவே தமிழ் கதைப்பார், நடுநடுவே சரி என்பதற்கு ‘ஹரி, ஹரி’ என்று போட்டுக்கொள்வார். வாப்பாவை நம் ஆட்களைப் போலவே, அண்ணன் முறைக்கு, காக்கா என்று கூப்பிடுவார்.

“கடல் இல்லாட்டி என்ன? எங்கட குளத்துக்கு வாங்க. ஜப்பான் மீன் சும்மா வந்து ஏறுது,” என்றார் வாப்பாவிடம். திலாப்பியாவுக்கு அப்போது அதுதான் பெயர்.

“குளத்து மீனா? சேறு மணக்குமே,” என்றார் உம்மா உள்ளே இருந்து.

“மணந்தாலும் விக்குது தங்கச்சி. ஆனா லைசன் எடுக்கணும். அரசாங்க மாத்தயா ஒராள் இருக்காரு. வலைக்கண்ணி மூணரை அங்குலத்துக்குக் குறைஞ்சா விடமாட்டாரு.”

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. “லைசன் நமக்கா, மீனுக்கா? மீனுக்கும் இரிக்கெண்டா சொல்லுங்க, கேட்டுப் பாத்துப் பிடிக்கலாம்.”

“நீ பகிடி விடு. மாத்தயாக்கிட்ட விட்டிராத.”

வாப்பா சிரிக்கவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார். “மூணரை அங்குலம் எண்டா எத்தன விரல்?”

எங்கள் கரையில் அங்குலக் கணக்கு இல்லை. கண்ணியை இழுத்துப் பிடித்து உள்ளே விரலை விட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு வீட்டு வலைக்கும் அந்த வீட்டு வள்ளக்காரனின் கைதான் அளவு. வாப்பாவின் விரல்கள் கயிறு இழுத்து வீங்கியவை. ஒவ்வொன்றும் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம். முதலாளி தன் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து வாப்பாவின் கைமேல் வைத்துப் பார்த்தார்.

“ஹரி. உங்கட நாலு விரல் சரியா மூணரை.”

வாப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரசாங்கத்துச் சட்டம் தன் கையில் இருக்கிறதென்று அவருக்குப் பெரிய சந்தோசம். அன்றைக்கு ஊரில் கண்டவர்களுக்கெல்லாம் நாலு விரலை நீட்டிக் காட்டினார்.

அடுத்த நாளே பனஞ்சிராயில் இரண்டு அளவுக் கட்டை செதுக்கினார். வலை பின்னும்போது நூலை அந்தக் கட்டையில் சுற்றித்தான் முடிச்சுப் போடுவது. கட்டை எவ்வளவோ கண்ணியும் அவ்வளவு. ஒன்றை உம்மாவிடம் கொடுத்தார். மற்றதை என்னிடம் கொடுத்து, “மகள், இதுதான் நம்மட லைசன். பத்திரம்,” என்றார்.

ஒன்பது வயதில் என்னைப் போல் வலை பின்ன அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. உம்மா ஒரு முடிச்சுப் போடுமுன் நான் இரண்டு போடுவேன். இது மாமா சொன்னது, நான் சொன்னது இல்லை. ஆகவே வலையின் இரண்டு பக்கத் துண்டும் உம்மாவுக்கு, நடுத்துண்டு எனக்கு என்று பிரித்தார்கள். பருத்தி நூல். விரல் இடுக்கில் அறுத்து அறுத்து அந்த இடம் காய்த்துப் போனது. இன்றைக்கும் தடவினால் தெரியும்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, உம்மா பகல் ளுஹர் தொழப் போன நேரம், நான் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு களப்போரம் போனேன். நண்டுப் பொந்து தோண்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. தோண்டினேன், நண்டு ஓடியது, நான் பின்னால் ஓடினேன். திரும்பி வந்தால் தண்ணீர் ஏறியிருந்தது. பொந்தும் இல்லை, கட்டையும் இல்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் துழாவினேன்.

வாப்பா அடிக்கிறவர் இல்லை. ஆனால் லைசனைத் தொலைத்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உம்மாவின் கட்டையைக் கேட்டால் உன்னுடையது எங்கே என்று கேட்பார். மாமாவின் கத்தியை எடுத்துத் தென்னம்மட்டையில் நானே ஒரு கட்டை செதுக்கினேன். அளவுக்கு வாப்பாவின் கை வேண்டும். அவர் கயிறு வாங்கப் புத்தளம் போயிருந்தார். அங்கேதான் நான் மூளையைப் பாவித்தேன். வாப்பாவின் விரல் பெரியது, என்னுடையது சின்னது. அப்படியானால் அவருடைய நாலு விரல் என்னுடைய ஐந்து விரல். புதுக் கட்டையில் ஒரு கண்ணி பின்னி, பெருவிரலையும் சேர்த்து உள்ளே விட்டுப் பார்த்தேன். சரியாக நின்றது. மூன்றாம் வகுப்புக் கணக்கில் நான்தான் முதல் பிள்ளை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மிச்சத்தை எல்லாம் அந்தக் கட்டையில் பின்னி முடித்தேன். முன்னே பின்னியது நாலைந்து வரிசைதான், அதோடு வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பின்னி முடித்த துண்டுகளை மாமா கோத்து, மேல்கயிற்றில் கட்டினார். பிறகு மரப்பட்டை அவித்த சாயத்தில் முழு வலையையும் அமுக்கி எடுத்தார்கள். அந்தப் பட்டைத் துவர்ப்பு மணம் இப்போது எங்கும் கிடையாது. நைலோன் வந்ததும் போய்விட்டது. சாயத்தில் ஊறிய வலை ஒரே கறுப்பு. எந்தத் துண்டு யார் கையென்று உம்மாவுக்கே தெரியாது.

தேங்காய் லொறி ஒன்றில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நாங்கள் ஏறிப் போனோம். குளத்தைக் கண்டதும் நான் அதைக் கடல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அலை இல்லை. இரைச்சல் இல்லை. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் கறுப்பாக நின்றன, ஒவ்வொன்றிலும் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. உப்பு மணம் இல்லாத தண்ணீரின் பக்கத்தில் இருக்க எனக்கு முதல் இரண்டு நாளும் மூக்கு அடைத்தது போல் இருந்தது.

குளத்து மாத்தயாவை அடுத்த நாள் கண்டோம். காக்கிக் காற்சட்டை, சைக்கிள், சைக்கிள் பாரில் கயிற்றால் கட்டிய ஒரு அளவுப் பலகை. அரசாங்க மீன்பிடிக் கந்தோரில் உத்தியோகத்தர். குளக்கட்டில்தான் குவாட்டர்ஸ். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் கடைக்கார முதலாளி நின்று மாற்றி மாற்றிச் சொன்னார். மாத்தயா குவிந்து கிடந்த வலையின் ஒரு தலைப்பை எடுத்துக் கண்ணியில் பலகையை விட்டார். போனது. மற்றத் தலைப்பை எடுத்து விட்டார். போனது. வாப்பா எல்லோரையும் ஒருதரம் பார்த்து நாலு விரலைக் காட்டினார்.

“மாத்தயா சொல்றாரு,” என்றார் முதலாளி, “மதகுக்குக் கிட்ட வலை போட வேணாம். வள்ளத்தில நம்பர் இருக்கணும். தண்ணிய அடிச்சு மீனக் கலைக்க வேணாம். கண்ணி எப்பவும் இந்த அளவுதான். சின்ன மீன் வளந்தாத்தானே அடுத்த வருசம் உங்களுக்கு மீன்.”

“அடுத்த வருசம் நாங்க கடல்ல இரிப்பம்,” என்றார் மாமா.

“அத நான் சொல்லல்ல,” என்றார் முதலாளி.

வாப்பா சுறாக் கருவாடு ஒரு கட்டு கொண்டுபோயிருந்தார். எங்கள் கரையில் ஒருவர் நமக்கு நல்லது செய்தால் கருவாடு கொடுப்பது வழக்கம். வாங்காமல் விடுவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போவது மாதிரி. மாத்தயா அந்தக் கருவாட்டுக் கட்டை இரண்டு கையாலும் வாங்கி, மணந்து பார்த்து, தலையை ஆட்டி, திரும்ப வாப்பாவின் கையில் வைத்தார். வாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. “கோப்பி ஒண்டு குடிச்சிட்டுப் போகட்டாம்,” என்று முதலாளி சொன்னார். வாப்பா குடிக்கவில்லை.

லைசன் கடதாசியும், வள்ளத்தில் அடிக்க ஒரு தகர நம்பர்த் தட்டும் தந்தார்கள். தட்டு நீலம், எழுத்து வெள்ளை. கடதாசி முழுக்கச் சிங்களம், இரண்டு பக்கமும்.

“என்ன மகள் எழுதியிரிக்கி?” என்று வாப்பா கேட்டார். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இந்த வள்ளத்துக்காரர் நல்ல வலைக்காரர், இவர் மீன் பிடிக்கலாம் எண்டு எழுதியிரிக்கி,” என்றேன்.

“பின்னால?”

“பின்னாலயும் அதுதான்.”

வாப்பா கடதாசியை மடித்து உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அதைத் தன் தகரப் பெட்டியில், உடுப்புக்கு அடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்களுக்கு நல்ல காலம். விடிய வலையைத் தூக்கினால் திலாப்பியா கறுப்புக் கறுப்பாகத் தொங்கும். முதலாளியின் கடைக்கு முன்னால் சைக்கிள்காரர்கள் பெட்டியோடு நிற்பார்கள். உம்மா கொறுக்காய்ப் புளியை அள்ளிப் போட்டு, மிளகைக் கூட்டி அரைத்து, சேற்று மணத்தை அடக்கக் கற்றுக்கொண்டார். நானும் முகத்தைச் சுழிக்காமல் தின்னக் கற்றுக்கொண்டேன். சோறு மிஞ்சியது. மிஞ்சிய சோற்றை என்ன செய்வதென்று உம்மா யோசித்ததை அங்கேதான் முதன்முதலில் கண்டேன்.

ஒரே ஒரு தகராறு வந்தது. வாப்பா களப்புப் பழக்கத்தில் ஒரு நாள் வலையைச் சுற்றி வளைத்துவிட்டு, சவள் துடுப்பால் தண்ணீரைப் படார் படாரென்று அடித்தார். குளக்கட்டில் விசில் கேட்டது. மாத்தயா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“தண்ணிய அடிச்சா தண்ணிக்கு நோகுமா?” என்று வாப்பா முதலாளியிடம் கேட்டார்.

“நோகாது காக்கா. ஆனா மாத்தயாவுக்கு நோகுது. ரெண்டாம் தரம் கண்டா எழுதுவாராம்.”

வாப்பா பிறகு அடிக்கவில்லை. ஆனால், “கருவாட்ட வாங்கியிருந்தா இந்த விசில் வந்திரிக்காது,” என்று அன்றைக்கு முழுக்கச் சொன்னார்.

இனி அந்த நாள். பத்து மணி வெயில். வலையைக் கம்புகளில் நீட்டிக் காயப்போட்டிருந்தோம். குளக்கரையில் நாங்கள் போட்டிருந்த குடிசைக்குள் உம்மா சமைத்தார். வாப்பாவும் மாமாவும் தூரத்தில் வள்ளத்தைக் கரையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வலையோரம் இருந்து, மரக்குற்றியில் கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். மாத்தயா முதலாளியோடு வந்தார். முதலாளியின் கடையில் எங்கள் மீனுக்குள் சின்ன மீன்கள் கிடந்ததைக் கண்டுதான் வந்தார் என்று பிறகு தெரிந்தது. இந்த முறை தலைப்பில் மட்டும் பார்க்கவில்லை. ஒரு தலைப்பிலிருந்து பலகையைக் கண்ணி கண்ணியாக விட்டுக்கொண்டு நடந்தார்.

நடுத்துண்டில் பலகை நின்றது. அடுத்த கண்ணியிலும் நின்றது. அதற்கு அடுத்ததிலும் நின்றது.

முதலாளி, “அனே, ஐயோ,” என்றார்.

மாத்தயா அந்த முடிச்சுகளைக் கிட்டக் குனிந்து பார்த்தார். என் முடிச்சு சின்னது, இறுக்கம், உம்மாவினது பெரியது. சாயத்துக்குள்ளும் அது தெரிந்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்தார். வலை ஊசி என் கையில் இருந்தது. அவர் அருகே வந்து, ஊசியை எடுத்து மணலில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து, ஐந்து விரலையும் சேர்த்து, அந்தக் கண்ணிக்குள் விட்டார்.

அளவு எடுத்துச் செய்தது போல நின்றது. நான்தான் அளவு எடுத்துச் செய்தேனே.

அவர் கையை விட்டார். கத்தியை எடுத்து நடுத்துண்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுத்து, மேல்கயிற்றிலிருந்து உருவி, சுருட்டி, என் மடியில் வைத்தார். முதலாளியிடம் சிங்களத்தில் கொஞ்சம் கதைத்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வாப்பா கத்தியைக் கண்டு ஓடி வருமுன் எல்லாம் முடிந்தது.

நான் அந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு குடிசையின் பின்பக்கம் போய், பாயைச் சுருட்டி வைத்திருந்த இடத்தில் அதைத் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே முதலாளி சொன்னது கேட்டது. “மாத்தயா சொல்றாரு, நடுவில கண்ணி சின்னனாம். மத்ததெல்லாம் சரியாம். நல்ல துண்டு ஒண்டு கோத்துப்போட்டு நாளைக்கே இறங்கட்டாம். லைசனுக்கு ஒண்டும் இல்லையாம்.”

“வலையில கத்தி வெச்சானா?” என்றார் வாப்பா.

நீங்கள் கரைக்காரர்கள், உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கரையில் வலை கடலடிக் கல்லுப் பாரில் சிக்கினாலும் முங்கி அவிழ்ப்போம், அறுக்கமாட்டோம். ஒருவன் இன்னொருவன் வலையில் கத்தி வைத்தால் இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். கத்தி பட்ட வலை திரும்பத் தண்ணீரில் இறங்காது. பாகற்கொடிக்குப் பந்தலாகப் போட்டுவிடுவார்கள். ஊர் முழுக்கப் பந்தலைப் பார்த்து இது யார் அறுத்த வலை என்று சொல்லும்.

“இது அவங்களுக்குத் தெரியாது காக்கா,” என்றார் முதலாளி. “அவருக்கு இது நூல். அவ்வளவுதான்.”

“கருவாட்ட வாங்காதவன் கத்திய எடுத்திட்டான்.” வாப்பா மிச்ச வலையில் கண்ணி கண்ணியாக நாலு விரலை விட்டுப் பார்த்தார். “இந்தா. இந்தா. எங்க குறையுது? என்ட கையால அளந்த வலை. என்ட விரலையா பொய் எண்டு சொல்றான்? அறுத்த துண்டு எங்க? அதக் காட்டு.”

“மாத்தயா கொண்டு போயிருப்பாரு,” என்றார் மாமா. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

முதலாளி என்னைத் தேடிச் சுற்றிப் பார்த்திருப்பார். ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் துண்டின்மேல் இருந்தேன். முடிச்சுகள் பாவாடைக்கு மேலால் குத்தின. எழுந்து போய் வாப்பாவின் கையில் அதை வைத்திருந்தால், அவர் நாலு விரலை விட்டிருப்பார், விரல் போயிருக்காது, சங்கதி அங்கேயே முடிந்திருக்கும். நான் எழும்பவில்லை.

அன்று பின்னேரம் உம்மா கேட்டார்: “ரெண்டு நாள் தாங்க. நான் பின்னிக் கோத்துத் தாறன். பிள்ளைக்குச் சோறு கிடைக்கிற இடம் இது.”

“கத்தி பட்ட வலைய என்ட வாப்பாவும் போட்டதில்ல.”

“உங்கட வாப்பா குளத்துக்கு வந்ததுமில்லத்தானே.”

உம்மா வாப்பாவை எதிர்த்துக் கதைத்ததை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். வாப்பா விடிந்ததும் வள்ளத்திலிருந்து நீலத் தட்டைக் கழற்றிக்கொண்டு போய் மாத்தயாவின் குவாட்டர்ஸ் படியில் வைத்துவிட்டு வந்தார். தேங்காய் லொறி திரும்பி வரும் வரை மூன்று நாள் அந்தக் குடிசையில் சும்மா இருந்தோம். மூன்றாம் நாள் முதலாளி வந்து, மாதம் முடியும் வரை நம்பரை வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் மாத்தயா வைத்திருப்பதாகச் சொன்னார். வாப்பா கேட்காதது போல் கயிறு சுற்றினார். அந்த நம்பரைப் பிறகு சிலாபத்து ஆள் ஒருவர் எடுத்தாராம். அவருடைய பிள்ளைகள் குளக்கட்டில் கல்வீடு கட்டினார்கள். நானே போய்ப் பார்த்தேன்.

நாங்கள் திரும்பி வந்த இரண்டாம் மாதம் வள்ளம் விலைக்குப் போனது. வாப்பா புத்தளத்து உப்பளத்தில் கூலிக்கு இறங்கினார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்துப் பிளந்தது. இரவில் உம்மா தேங்காயெண்ணெய் பூசுவார். சொந்த வள்ளம் என்று ஒன்று அவருக்குப் பிறகு இருக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் மாத்தயா வலையை அறுத்த கதையைச் சொல்வார். கேட்டவர்கள் மாத்தயாவை ஏச, வாப்பாவுக்குக் கொஞ்சம் ஆறும். கலவரங்களுக்கும் யுத்தத்துக்கும் முன்னமே அவர் மௌத்தாகிவிட்டார். கதையை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பாய்க்குள் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். அதை மடித்துத் தைத்து ஒரு பையாக்கி, பதினொரு வயதில் அதில் கருவாடு போட்டுத் தோளில் தொங்கவிட்டு, வீடு வீடாக விற்கத் தொடங்கினேன். கண்ணி சின்னது, கட்டாக் கருவாட்டுத் துண்டும் விழாது, காற்றும் போகும், கருவாடு பூஞ்சணம் பிடிக்காது. அங்கேயிருந்துதான் மதுரங்குளிச் சந்தை, சந்தையிலிருந்து கடை, கடையிலிருந்து லொறி. ஒன்றும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு தொடங்கியவள் என்று எல்லோரிடமும் சொல்வேன். தோளில் அந்தப் பை இருந்ததைச் சொன்னதில்லை. பை எப்போது இத்துப்போனது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

யுத்தம் முடிந்து, வீதிச் சோதனையெல்லாம் எடுத்த பிறகு, குளத்து மீனுக்கு நல்ல கேள்வி வந்தது. இரண்டு வள்ளத்துக்கு என் பெயரில் லைசன் எடுப்பதென்று தீர்மானித்தேன். எழுபதைத் தாண்டியவளுக்கு இது எதற்கு என்று மகன் கேட்டான். நீ கேட்பதற்காகத்தான் என்றேன். வலையைக் கொண்டு கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு பெண் பிள்ளை, முக்காடு போட்ட நம்மட பிள்ளை. பிளாஸ்டிக் அளவுச் சட்டத்தை என் வலையில் இருபது இடத்தில் விட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் போனது. போகாமல் இருக்குமா?

உம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்த பழைய லைசன் கடதாசியையும் கொண்டுபோயிருந்தேன். எங்கள் குடும்பம் அந்தக் காலத்திலேயே லைசன்காரர்கள் என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டத்தான். வேறு நோக்கம் இல்லை. மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் ஆசையாக வாங்கி வாசித்தாள்.

“பின்பக்கத்தில என்ன இரிக்கி மகள்?” என்றேன்.

“சட்டம் உம்மா. கண்ணி சின்னனா ஒரு இடத்தில பிடிபட்டாலும் முழு வலையும் எடுக்கிற, வள்ளத்தையும் எடுக்கிற, லைசன் ரத்து, கோட்டுக்கும் போகணும். இப்பவும் கிட்டத்தட்ட அப்பிடித்தான்.”

“சின்னத் துண்ட மட்டும் வெட்டி எடுத்துட்டு மத்தத விடமாட்டீங்களா?”

அவள் சிரித்தாள். “அப்பிடி ஒண்டும் இல்ல உம்மா. நான் அப்பிடிச் செஞ்சா என்ட வேல போயிரும்.”

“வெட்டின துண்ட ஆக்கள்ட கையில குடுத்தா?”

“அதெப்பிடி? அது சாட்சிக்குரிய சாமானில்லையா? அதையும் குடுத்தா நான் வீட்டுக்குத்தான் போகணும்.”

நான் கடதாசியைத் திரும்ப வாங்கி, வாசிக்கத் தெரியாத பின்பக்கத்தைப் பார்த்தேன். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அந்த மனுசன் வலையை விட்டார், வள்ளத்தை விட்டார், லைசனை விட்டார். தன் வேலைக்கு உலை வைக்கிற துண்டை ஒன்பது வயதுப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுப் போனார். காட்டுவதா ஒளிப்பதா என்பது என் கையில்தான் இருந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்தேன். அந்தச் சட்டமும் அறுபது வருசத்துக்கு மேலாக எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பின்னாலும் அதுதான் எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொன்னவளும் நான்தான்.

புறப்படுமுன் என் வலையின் கண்ணி ஒன்றை இழுத்துப் பிடித்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் இறுக்கமாக நின்றது. ஐந்தாவதற்கு இடம் இல்லை. இத்தனை வருசம் ஐஸ் பெட்டி தூக்கியதில் என் கை வாப்பாவின் கையாகிவிட்டது.

வயதுக்காரர்களே, அந்த மாத்தயா இப்போது உயிரோடு இருக்கமாட்டார். எனக்காக நீங்கள் அவருக்கு ஏசிய ஏச்சையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கலியாண வீட்டில் ஏசியதையும், மௌத்து வீட்டில் ஏசியதையும். பஸ்ஸில் இருந்தவரை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது. எடுத்த ஏச்சை யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். மதுரங்குளிச் சந்தியில் யாரைக் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பூட்டு.